2,900 கி.மீ ஆழத்தில் கருவம்: யார் போய்ப் பார்த்தா?

வேளச்சேரி டியூஷன் மிஸ்:
பூமிக்குள்ள மேலோடு, கவசம், நடுவுல கருவம்னு போர்டுல படம் போட்டதும் ஒரு பையன் மடக்கிட்டான். "மிஸ், ரஷ்யாவுல கோலாவில தோண்டினதே 12 கி.மீ சொச்சம்தான். 2,900 கி.மீ-ல கருவம் ஆரம்பிக்குதுன்னு யார் போய்ப் பார்த்தா?" 'நிலநடுக்க அலை'ன்னு ஒரே வார்த்தையில முடிக்க மனசு வரல. அந்த அலை எப்படிக் காட்டிக்கொடுக்குது?

மயிலாப்பூர் பிசிக்ஸ் வாத்தியார் (ஓய்வு):
அந்தப் பையன் நல்லா இருக்கணும்! கதை நம்ம நாட்டுலதான் சூடு பிடிக்குது, அதை அவசியம் சொல்லுங்க. 1897 ஜூன் 12, அஸ்ஸாம்ல பெரிய நிலநடுக்கம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில இருந்த ஓல்டாம், ஐரோப்பாவுல கருவிகள்ல பதிவான கோடுகளை வாங்கிப் பார்த்தார். முதல்ல பி அலை, பின்னாடி எஸ் அலை, கடைசியா மேற்பரப்பு அலைன்னு மூணும் தனித்தனியா வந்திருந்தது.

பி அலை பாறையை நெருக்கி விரிச்சுப் போகும், திரவத்துலயும் நுழையும். எஸ் அலை பக்கவாட்டுல ஆட்டும். திரவத்துல அதுக்கு வழியே கிடையாது. ரொம்ப தூரத்து நிலையங்களுக்கு அலை தாமதமா போறதைப் பார்த்து, நடுவுல வேகத்தைக் குறைக்கிற கருவம் ஒண்ணு இருக்கணும்னு 1906-ல ஓல்டாம் எழுதினார். எல்லை ஏறக்குறைய 2,900 கி.மீ-ன்னு கணக்குப் போட்டவர் குட்டன்பர்க். 1926-ல ஜெஃப்ரீஸ் அது திரவம்னு காட்டினார்.

போர்டுல வட்டம் போட்டு, நிலநடுக்கம் நடந்த புள்ளியிலிருந்து 104 டிகிரியும் 140 டிகிரியும் (வட்டத்தோட மையத்துல அளக்கிற கோணம்) குறிங்க. 104 தாண்டினா நேரா வர்ற எஸ் அலை கிடையாது. நடுவுல இருக்கிற பட்டையில பி அலையும் வராது, கருவத்துல நுழைஞ்சு வளைஞ்சு போயிடுது. அதுதான் நிழல் மண்டலம். வராத அலைதான் இங்க பெரிய சாட்சி, இதை அழுத்திச் சொல்லுங்க.

வேளச்சேரி டியூஷன் மிஸ்:
நன்றி சார். அந்த நிழல்ல ஒரு அலைகூட வராதா?

கிண்டி ஜியாலஜி மாணவி:
வந்துச்சு மிஸ், மெல்லிசா! 1929 நியூசிலாந்து நிலநடுக்கத்தோட பதிவுகள்ல, வரக்கூடாத இடத்துல பி அலை இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் அதை ஒதுக்காம உட்கார்ந்து பார்த்தாங்க. கருவத்துக்குள்ள இன்னொரு கருவம் இருந்து, அதுல பட்டுத் திரும்பினாத்தான் இது நடக்கும்னு 1936-ல எழுதினாங்க. அதோட எல்லை இப்போ சுமார் 5,150 கி.மீ ஆழம்னு தெரியும். மேலோட்டுக்குக் கீழ இருக்கிற எல்லைக்கு மொஹொரோவிசிச், 1909 குரோவேஷியா நிலநடுக்கம்னு தேடிப் பாருங்க, வழி இதேதான்.