எறியாத பந்தும் போகாத போரும்

டாலஸ்காரன்:

2022 ஜனவரி 16. ஆர்லிங்டன் மைதானத்தின் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்கக் கால்பந்து லீகின் (NFL) பிளேஆஃப் ஆட்டம், தோற்றால் வெளியே. சான் பிரான்சிஸ்கோ 23, நம்ம கௌபாய்ஸ் 17. மிச்சம் 14 விநாடி. கடிகாரத்தை நிறுத்தக் கையில் ஒரு டைம் அவுட்கூட இல்லை. எதிரணியின் 41 யார்டு கோட்டில் பந்து. எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) டாக் பிரெஸ்காட் எறியவில்லை. பந்தைத் தானே எடுத்துக்கொண்டு நடுவில் புகுந்து ஓடினார். 17 யார்டு கிடைத்தது. சுற்றியிருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். எனக்கு அப்போதே வயிறு கலங்கிவிட்டது. விழுந்தவர் எழ வேண்டும், பதினொரு பேரும் வரிசைக்கு வர வேண்டும், நடுவர் பந்தைத் தொட்டு வைக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த ஸ்னாப், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது. பின்னாலிருந்து ஓடிவந்த நடுவர் ஆட்களை விலக்கிக்கொண்டு பந்தைத் தொட்டு, அவர்கள் ஸ்னாப் செய்வதற்குள் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அந்த வருடம் அங்கேயே முடிந்தது.

அவருக்குக் காலில் வேகம் இருந்தது, வழியும் திறந்திருந்தது. ஓடி முடித்தபின் என்ன என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஈராக் போர் பற்றிப் பேச்சு வந்தது. நண்பர் ஒருவர், "மூன்றே வாரத்தில் பாக்தாத் விழுந்ததே, ராணுவம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது" என்றார். ஆமாம், விழுந்தது. 2003 மார்ச் 20-ல் தொடங்கி ஏப்ரல் 9-ல் ஈராக் அதிபர் சதாம் உசேனின் சிலை சாய்ந்தது. மே 1-ல் கப்பல் தளத்தில் நின்று பெரிய சண்டை முடிந்தது என்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அறிவித்தார். மே 23-ல் ஈராக் ராணுவத்தையே கலைத்து உத்தரவு போட்டார்கள். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கான ஆண்களுக்கு ஒரே நாளில் சம்பளம் இல்லை. அந்த 17 யார்டு ஓட்டம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பந்தைப் பிடிக்க நம்ம ஆள் யாரும் எதிரணி மூடாமல் தனியாக நிற்கவில்லை என்றால் நல்ல குவார்ட்டர்பேக் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிடுவார். ரசிகர்கள் கூச்சல் போடுவார்கள், போடட்டும். பந்து நம்மிடமே இருக்கிறது, அடுத்த டவுன் (முயற்சி) இருக்கிறது. வெளிநாட்டுக்குப் படை அனுப்பும் விஷயத்தில் அமெரிக்கா இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பனிவயல்:

அண்ணா, நான் கிரீன் பே ஆள். எங்கள் பேக்கர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ரைப் பார்த்து வளர்ந்தவனிடம் பந்தை வெளியே எறிவதுதான் திறமை என்றால் ஒத்துக்கொள்ள முடியாது. இரண்டு பேர் மூடி நிற்கும் ரிசீவருக்கு (பந்தைப் பிடிப்பவருக்கு), இடுக்கு வழியாக அவர் பந்தைச் சொருகுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வேறு யாரும் அந்த இடத்தில் எறியத் துணிய மாட்டார்கள். 508 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) அப்படி வந்ததுதான்.

போருக்கு வருவோம். 1991-ல் ஈராக்கிடமிருந்து குவைத்தை மீட்டபோது அமெரிக்க ஜெனரல் ஷ்வார்ஸ்காஃப் தன் படைகளை யாருக்கும் தெரியாமல் மேற்கே பாலைவனத்துக்குள் நகர்த்தி, சுற்றி வளைத்து அடித்தார். பிப்ரவரி 27 அன்று ரியாத்தில் பத்திரிகையாளர்களிடம் விளக்கும்போது அவரே அதற்குக் கொடுத்த பெயர் 'ஹெய்ல் மேரி', கடைசி நேரத்தில் நம்பி உயரத் தூக்கி எறியும் பந்தின் பெயர். தரைப்போர் 100 மணி நேரத்தில் முடிந்தது. துணிந்து எறிந்தால்தான் ஜெயிக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

டாலஸ்காரன்:

தம்பி, 508 மட்டும் சொன்னீர்கள். 336 இன்டர்செப்ஷனையும் (எதிரணி பிடித்துவிட்ட பந்துகளையும்) சேர்த்துச் சொல்லுங்கள். லீகின் வரலாற்றிலேயே அவ்வளவு வேறு யாரும் கொடுத்ததில்லை. 2008 ஜனவரி 20, உங்கள் லாம்போ மைதானத்தில் உறைகிற குளிர். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போவதா இல்லையா என்ற ஆட்டம், கூடுதல் நேரம். அதில் அவர் எறிந்த பந்தை நியூயார்க் ஜெயன்ட்ஸின் கோரி வெப்ஸ்டர் பிடித்தார். பேக்கர்ஸ் சட்டையில் ஃபாவ்ர் எறிந்த கடைசிப் பந்து அதுதான்.

ஷ்வார்ஸ்காஃப் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வைத்த பெயர் ஒன்று, அவர் செய்தது வேறு. ஹெய்ல் மேரி என்பது வேறு வழியே இல்லாதபோது எறிவது. அவரோ முதலில் ஐந்து வாரத்துக்கு மேல் வான்வழியாக அடித்து எதிரியின் கண்ணைக் கட்டினார், மாதக்கணக்கில் ஆளும் எரிபொருளும் சேர்த்தார், எதிரி கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்தார். எல்லைக்கு வெளியே தள்ளுவது மட்டுமே குறி என்று எழுதி வைத்துக்கொண்டு, அது முடிந்ததும் நின்றார்கள். நான் கேட்பதும் அதைத்தான். உண்மையான ஹெய்ல் மேரி 2003-ல் நடந்தது.

வடக்குநட்சத்திரம்:

ஹெய்ல் மேரி என்ற பேச்சு வந்தபிறகு மினசோட்டாக்காரியான நான் சும்மா இருக்க முடியாது. 1975 டிசம்பர் 28. எங்கள் வைகிங்ஸ் 14, உங்கள் கௌபாய்ஸ் 10. அரை நிமிடம்தான் மிச்சம். உங்கள் குவார்ட்டர்பேக் ரோஜர் ஸ்டாபாக் நடு மைதானத்தில் நின்று உயரத் தூக்கி எறிந்தார். ட்ரூ பியர்சன் எங்கள் நேட் ரைட்டைத் தள்ளிவிட்டுத்தான் பிடித்தார். மினசோட்டாவில் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், நானும் அதையே சொல்கிறேன். கூட்டத்திலிருந்து பறந்த விஸ்கி பாட்டில் நடுவர் ஒருவரின் நெற்றியைப் பிளந்தது. ஆட்டம் முடிந்ததும் ஸ்டாபாக், கண்ணை மூடி 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டு எறிந்ததாகச் சொன்னார். அந்தப் பெயர் ஊர் உலகமெல்லாம் பரவியது அன்றிலிருந்துதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஸ்டாபாக்கைப் பற்றி. கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹெய்ஸ்மனை 1963-ல் வாங்கியவர், கடற்படைக் கல்லூரி மாணவர். நேராக லீகுக்கு வரவில்லை. வியட்நாமுக்குப் போய்ப் பணி செய்துவிட்டு 1969-ல் 27 வயதில்தான் டாலஸுக்கு வந்தார். போர் என்றால் என்னவென்று பார்த்த அவர், தன் எறிதலுக்குத்தான் பிரார்த்தனையின் பெயரை வைத்தார். இப்போது நாம் போருக்கு ஆட்டத்தின் பெயரை வைக்கிறோம். 1972-ல் வட வியட்நாம் மீது குண்டு போட்ட நடவடிக்கைக்கு 'லைன்பேக்கர்' என்று பெயர், தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஆட்டக்காரரின் பெயர் அது. எனக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு பேருமே இதை யோசிக்க வேண்டும்.

பாஸ்டன்வாசி:

டாலஸ்காரன் அண்ணா, உங்கள் வாதத்தில் இரண்டு ஓட்டை இருக்கிறது.

முதலாவது, முடிவை வைத்துத் தீர்மானத்தை எடைபோடுகிறீர்கள். 2015 பிப்ரவரி 1 சூப்பர் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் 24. டச்டவுனுக்குச் சியாட்டிலுக்கு மிச்சம் ஒரு யார்டு தூரம், 26 விநாடி, ஒரே ஒரு டைம் அவுட். சியாட்டிலின் ரஸல் வில்சன் எறிந்தார், எங்கள் மால்கம் பட்லர் பாய்ந்து பிடித்துவிட்டார். அவர்களுடைய ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்ச் கையில் பந்தைக் கொடுத்து ஓடவிட்டிருக்க வேண்டும் என்று நாடே திட்டியது. ஆனால் கணக்குப் பாருங்கள். எறிந்து பிடிபடாமல் போனால் கடிகாரம் நிற்கும், இன்னும் இரண்டு முயற்சி மிஞ்சும். யோசித்து எடுத்த முடிவுதான் அது. பயிற்சியில் அதே உத்தியில் ஏமாந்த பட்லர் இந்த முறை அடையாளம் கண்டுகொண்டார், அவ்வளவுதான். தோற்றதால் மட்டுமே ஒரு முடிவு தப்பாகிவிடாது.

இரண்டாவது, 1991-ல் 'நின்றார்கள்' என்று புகழ்கிறீர்களே, நின்றபிறகு நடந்தது தெரியுமா? ஈராக் மக்களே சதாமை எதிர்த்து எழ வேண்டும் என்று பிப்ரவரியில் அன்றைய அதிபர், தந்தை புஷ், வெளிப்படையாகச் சொன்னார். தெற்கில் ஷியாக்களும் வடக்கில் கூர்துகளும் நம்பி எழுந்தார்கள். மார்ச் 3-ல் சஃப்வானில் நடந்த சண்டை நிறுத்தப் பேச்சில், பாலங்கள் உடைந்துவிட்டன, ஹெலிகாப்டர் பறக்க அனுமதி வேண்டும் என்று ஈராக் தளபதிகள் கேட்டார்கள். ஷ்வார்ஸ்காஃப் கொடுத்தார். அந்த ஹெலிகாப்டர்களை வைத்துத்தான் எழுச்சியை நசுக்கினார்கள். லட்சக்கணக்கான கூர்துகள் பனி மலைக்கு ஓடினார்கள், குழந்தைகள் வழியிலேயே செத்தன. நீங்கள் 'வெளியே எறிந்த' பந்து போய் விழுந்த இடம் அது.

ருவாண்டாவை மறந்துவிட்டீர்களா? 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியபின் ஐநா பாதுகாப்பு சபை அங்கிருந்த தன் படையை 270 பேராகக் குறைக்க வாக்களித்தது. 100 நாளில் 8 லட்சம் பேர் என்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். தடுப்பாளர்கள் சுற்றி அமைக்கும் பாக்கெட்டுக்குள் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டே நின்றால் சாக் வாங்காமல், அதாவது பந்தோடு வீழ்த்தப்படாமல், தப்ப முடியாது.

பனிவயல்:

பாஸ்டன் ஆளோடு நான் ஒத்துப்போகும் நாள் வரும் என்று நினைக்கவில்லை. சஃப்வான் விஷயம் எனக்கே புதிது. படித்துவிட்டு வருகிறேன்.

டாலஸ்காரன்:

இரவு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் ஓட்டைக்குப் பதில் இருக்கிறது. முடிவை விடுங்கள், அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் வைத்தே 2003-ஐ எடை போடுவோம். ஐநா ஆய்வாளர்கள் 2002 நவம்பரிலிருந்து ஈராக்கில் இருந்தார்கள். அவர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் இன்னும் சில மாதம் வேண்டும் என்றார். 2003 பிப்ரவரி 25-ல் தரைப்படைத் தலைவர் ஜெனரல் ஷின்செக்கி, போர் முடிந்தபின் ஈராக்கைக் கட்டிக்காக்கப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று செனட் குழுவின் முன்னால் சொன்னார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலாளர் வுல்ஃபோவிட்ஸ், அது நடைமுறைக்குக் கொஞ்சமும் பொருந்தாத கணக்கு என்று ஒதுக்கினார். சியாட்டில் கோச்சிடம் காரணம் இருந்தது, கடிகாரக் கணக்கு இருந்தது. இங்கே கணக்குச் சொன்னவரைத்தான் ஓரம் கட்டினார்கள். பேரழிவு ஆயுதமும் கிடைக்கவில்லை. 4,400-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள், ஈராக்கியர்கள் அதைவிடப் பல மடங்கு. ஸ்னாப்புக்கு முன்னாலேயே தப்பான ஆட்டம் இது.

இரண்டாவதுக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ருவாண்டாவைச் சொன்னதும் வாயடைத்துத்தான் போனேன்.

வடக்குநட்சத்திரம்:

எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் பள்ளி அணியில் லைன்பேக்கர். வெள்ளி இரவு ஆட்டங்களுக்குத் தவறாமல் போவேன். நுழைவாயில் பக்கத்தில், பாப்கார்ன் விற்கும் மேசைக்கு அடுத்து, ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் ஒரு மேசை போட்டிருப்பார்கள். பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி நட்டிருக்கும். அதில் தொங்கி இத்தனை தடவை உடம்பைத் தூக்கினால் ஒரு டீஷர்ட் இலவசம். போன மாதம் என் பையன் அந்த டீஷர்ட்டோடு வீட்டுக்கு வந்தான். பதினேழு வயது. துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருக்கிறான்.

நீங்கள் எல்லாரும் குவார்ட்டர்பேக் பக்கமே நின்று பேசுகிறீர்கள். மைதானத்தில் எறிபவருக்குத்தான் அடி விழும். பந்து கையை விட்டுப் போன அடுத்த நொடி நூற்றைம்பது கிலோ ஆள் மேலே வந்து விழுவான். அதனால்தான் அவர் யோசித்து எறிகிறார். போரில் எறிபவர் வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கிறார். அடி வாங்குவது அந்தக் கம்பியில் தொங்கிய பையன்.

பாட் டில்மன் அரிசோனா கார்டினல்ஸ் அணியின் சேஃப்டி, கடைசித் தடுப்பாளர். 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 2002-ல் தம்பியோடு ராணுவத்தில் சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22-ல் ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரி சுட்டதில் வீரமரணம் என்றார்கள், சில்வர் ஸ்டார் பதக்கம் கொடுத்தார்கள். நாடே பார்க்க நினைவஞ்சலி நடந்தது. சுட்டது அவருடைய படையினரே என்பதை வாரங்கள் கழித்துத்தான் குடும்பத்துக்குச் சொன்னார்கள். ஆட்டத்தில் தப்பு நடந்தால் பத்து கோணத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள். பெற்ற தாய்க்கு உண்மை தெரிய இத்தனை நாள் ஆனது.

இன்னொன்று. என்னோடு மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒருவர் பாக்தாத்தில் பிறந்தவர். 2003-ல் அவருக்குப் பதினொரு வயது. குண்டு விழப்போகிறது என்று தெரிந்ததும் அவருடைய அம்மா வீட்டிலிருந்த எல்லா அண்டாவிலும் குளியல் தொட்டியிலும் தண்ணீர் பிடித்து வைத்தாராம், ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினாராம். எந்த அணி ஜெயித்தது என்று அவரிடம் கேட்க முடியுமா? அவர்கள் வீடு இருந்ததே மைதானத்துக்கு நடுவில்.

பாஸ்டன்வாசி:

அக்கா, உங்கள் பையனுக்காக உண்மையாகவே கவலைப்படுகிறேன். அந்த மேசையைப் பள்ளி மைதானத்தில் போடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனாலும் மலையில் நின்ற கூர்துகளுக்கும் அம்மாக்கள் இருந்தார்கள். 1991 ஏப்ரலில் அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் வடக்கு ஈராக்குக்குள் படை அனுப்பி, ஈராக் விமானம் பறக்கக் கூடாது என்று தடை போட்ட பிறகுதான் அவர்கள் மலையிலிருந்து இறங்கி வீடு திரும்பினார்கள். அதுவும் வெளிநாட்டுத் தலையீடுதான். டாலஸ்காரன் அண்ணா, நேராகக் கேட்கிறேன். அன்றைக்கு சஃப்வான் கூடாரத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

டாலஸ்காரன்:

ஹெலிகாப்டர் பறக்கக் கூடாது என்று சொல்லியிருப்பேன். எழுந்திரு என்று சொன்னவனுக்கு அந்தக் கடமை இருக்கிறது. தலையீடே வேண்டாம் என்று நான் எழுதியிருந்தால் அதைத் திருத்திக்கொள்கிறேன். எங்கே நிற்போம் என்று தெரியாமல் உள்ளே போகாதே என்பதுதான் என் பேச்சு. வடக்கில் அது தெரிந்திருந்தது. ஒரு கோடு போட்டார்கள், அதற்கு மேல் பறக்காதே என்றார்கள்.

வடக்குநட்சத்திரம்:

அந்தக் கோட்டைக் காக்க 12 வருடம் பறந்தார்கள், தம்பி. 1991-லிருந்து 2003 வரை. அந்தக் கோட்டுக்குள்ளேயே 1994 ஏப்ரல் 14 அன்று இரண்டு அமெரிக்கப் போர் விமானங்கள், ஈராக் ஹெலிகாப்டர் என்று நினைத்து, அமெரிக்காவின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர். கூர்துகளுக்கு உதவப் போனவர்கள்.

அந்த டீஷர்ட் பற்றி இன்று ராத்திரி பையனிடம் உட்கார்ந்து பேசப் போகிறேன்.