ஷெமாஸல்: யிட்டிஷ் சொல்லா, லண்டன் சொல்லா?

சொல்வேட்டை:
பிரிட்டனில் அமளி, களேபரம், குளறுபடி எல்லாவற்றுக்கும் பேச்சுவழக்கில் 'ஷெமாஸல்' என்பார்கள். இது யிட்டிஷ் சொல், அதாவது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய மொழியின் சொல், என்று ஆளாளுக்கு எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. யிட்டிஷில் இருப்பது 'ஷ்லிமாஸல்'. அதற்கு அதிர்ஷ்டங்கெட்டவன் என்று பொருள். ஆளைக் குறிக்கும் சொல் தெருச்சண்டையைக் குறிக்க எப்படி வரும்? யிட்டிஷ் சொற்களைப் பற்றி 1968இல் வந்த புகழ்பெற்ற நூலில் லியோ ராஸ்டன், ஷெமாஸல் யிட்டிஷே இல்லை, பிரிட்டன், அயர்லாந்துக்காரர்களின் கொச்சை என்றுதான் சொல்கிறார். யிட்டிஷ் பேசும் வீட்டில் வளர்ந்தவர் அவர்.

மாலதி:
ராஸ்டன் ஒருவரை வைத்து வழக்கை முடிக்காதீர்கள் சார். ஷ்லிமாஸல் ஆளை மட்டும் குறிப்பதில்லை, துரதிர்ஷ்டத்துக்கே அதுதான் பெயர். 'ஷ்லிம்' ஜெர்மன் வழி வந்தது, கெட்ட என்று பொருள். 'மஸல்' எபிரேயம். முதலில் விண்மீன் கூட்டம், பிறகு அதிர்ஷ்டம். யூதர் கல்யாணங்களில் வாழ்த்தும் 'மஸல் டோவ்' இதே மஸல்தான். 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஆபிரகாம் இப்ன் எஸ்ரா, நான் மெழுகுவர்த்தி விற்றால் சூரியன் மறையாது, சவத்துணி விற்றால் ஒருத்தரும் சாகமாட்டார்கள் என்று புலம்பியது இந்த மஸல் இல்லாமைதான். நம் ஆட்கள் உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, உமி விற்கப் போனால் காற்றடிக்கிறது என்பார்களே, அதே நொந்த நிலை.

அப்புறம் ஜெர்மனைப் பாருங்கள். வசமாக மாட்டிக்கொண்ட சிக்கலை அங்கே இன்றைக்கும் 'ஷ்லமாஸல்' என்கிறார்கள். அது யிட்டிஷிலிருந்து போன சொல். துரதிர்ஷ்டம் ஜெர்மனில் சிக்கலாக மாறியிருக்கும்போது லண்டனில் அமளியாக மாறக் கூடாதா?

சொல்வேட்டை:
பொருள் மாறலாம், ஒத்துக்கொள்கிறேன். ஒலி? ஜெர்மனில் 'ல' அப்படியே இருக்கிறது. லண்டனில் அது எங்கே போயிற்று? ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஷ்லிமாஸலைக் காட்டவில்லை. 'ஷெல் லோ மஸல்', அதாவது அதிர்ஷ்டமில்லாத, என்ற பிற்கால எபிரேயத் தொடரைக் காட்டுகிறது. ஆளுக்கொரு வேர் சொன்னால் வேர் உறுதியாகவில்லை என்றுதானே அர்த்தம்?

டப்ளின்வாசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இங்கே அயர்லாந்தில் இந்தச் சொல் வேறு வாழ்க்கை வாழ்கிறது. ஹர்லிங் பார்த்திருக்கிறீர்களா? மட்டையோடு பதினைந்து பேருக்குப் பதினைந்து பேர். கோலுக்கு முன்னால் பந்து விழுந்ததும் ஏழெட்டுப் பேர் அதன்மேல் பாய்வார்கள். மட்டை மட்டையில் மோதும், ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துத் தள்ளுவார்கள், பந்து யார் காலடியில் என்றே தெரியாது. அதுதான் ஷெமாஸல். 1938 முதல் வானொலியில் வர்ணனை செய்த மீஹால் ஓ ஹெஹிர் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர். துரதிர்ஷ்டம் என்ற வாடையே இங்கே கிடையாது. பேசுகிறவர்கள்தான் சொல்லுக்கு உரிமைக்காரர்கள் என்பது என் கட்சி.

மாலதி:
உரிமை வேறு, பிறப்பு வேறு. சொல்வேட்டை சார், உங்கள் இரண்டு வேரிலும் கடைசியில் நிற்பது மஸல்தானே? முன்னால் ஒட்டிய துண்டில்தான் சண்டை. அந்த மொழி தெரியாதவர்கள் காதால் கேட்டுப் பிடித்த சொல்லில் ஓர் எழுத்து உதிர்வது பெரிய அதிசயமா?

காலத்தையும் பாருங்கள். யூதச் சொல் லண்டன் கொச்சைக்குள் நுழைவது பழைய வழக்கம். 1853இல் முடிந்த 'பிளீக் ஹவுஸ்' நாவலிலேயே, திருடனைக் குறிக்கும் 'கோனஃப்' என்ற சொல்லை டிக்கன்ஸ் கையாள்கிறார். 1881இல் ரஷ்யப் பேரரசர் கொல்லப்பட்டு, யூதர்கள் மீது தாக்குதல் தொடங்கியதும் அகதிகள் லண்டனின் கிழக்குப் பகுதியில், வைட்சாப்பல், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தெருக்களில் வந்து குவிந்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் ஷெமாஸல் லண்டன் கொச்சையில் தலைகாட்டுகிறது. 1905இல் அந்நியர் சட்டம் போட்டு அந்த மக்கள் வருவதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். அவர்கள் வாயிலிருந்து எடுத்த சொல்லை வைத்துக்கொண்டு, கொடுத்தவர் பெயரை அழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சொல்வேட்டை:
பெயரை அழிக்க வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன் மாலதி? 'நோஷ்' (தீனி), 'ஷ்டும்' (வாய் திறக்காமல்) எல்லாம் யிட்டிஷ் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். கிட்டத்தட்ட அதே ஒலி, அதே பொருள். ஷெமாஸல் அப்படி இல்லை. அந்த மக்களின் மொழியை மதிக்கிறோம் என்றால், அவர்கள் சொல்லாத வடிவத்தை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. இதே வடிவம், இதே பொருளில் ஒரு யிட்டிஷ் எழுத்தில் இருந்தால் காட்டுங்கள், பேசலாம்.

மாலதி:
வடிவம் லண்டனில் உருவானது, அதை நான் மறுக்கவே இல்லை. பிறந்த ஊர் லண்டன் என்று எழுதுங்கள். தாய் யிட்டிஷ் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சொல்வேட்டை:
'இருக்கலாம்' என்று போட்டு எழுதுகிறேன். அதை எடுக்க மாட்டேன்.