ரேடியேட்டர்: கதிர்வீசியா, தணிகலமா, சூடாற்றியா?

கோவையிலிருந்து மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

அவையோர்க்கு வணக்கம்.

நீர்மக் குளிர்விப்புள்ள வரைகலை அட்டை (கிராபிக்ஸ் கார்டு) அளவுமீறிச் சூடேறினால் எங்கே பார்ப்பது, எதைச் சரிசெய்வது என்று விளக்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பாலிடெக்னிக்கில் கணினி வன்பொருள் படிக்கும் மாணவர்களுக்கான இக்கையேடு வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். பம்ப், விசிறி, குழாய், வெப்பப்பசை ஆகியவற்றில் எனக்குச் சிக்கல் இல்லை. ரேடியேட்டர் என்ற ஒரு சொல்லில்தான் நின்றுவிட்டேன்.

முதலில் ‘கதிர்வீசி’ என்று எழுதி, வரைவை ஒரு வகுப்பில் படிக்கக் கொடுத்தேன். சோதனைக் கணினியின் ரேடியேட்டரில் இரண்டு விசிறிகளுள் ஒன்று சுழலாமல் நின்றதைக் கண்ணால் பார்த்த மாணவர் ஒருவர், அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த படிக்குப் போய்விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “கதிர் தானாகவே வீசும் அல்லவா, விசிறி கூடுதல் வசதிதானே” என்றார். பிழை அவருடையது அன்று, என் சொல்லினுடையது.

சொல் அமர வேண்டிய இடம் இது: “அட்டை கொதிக்கும்போது — தொட்டால் குளிர்ந்திருந்தால், வெப்பம் அதுவரை வந்து சேரவில்லை என்று பொருள்; பம்பையும் செப்புத் தட்டையும் பாருங்கள். அதுவும் சூடாக இருந்தால் நீர்மம் ஓடுகிறது, காற்றுதான் ஓடவில்லை. விசிறிகளையும் தகடுகளுக்கிடையே அடைந்த தூசியையும் பாருங்கள்.” கோடிட்ட இடத்தை நிரப்பித் தருமாறு வேண்டுகிறேன்.

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திங்கள் மாலை

அன்புள்ள நண்பருக்கு,

குளிர்ச்சிக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ‘தண்’ என்ற அடியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்மை, தண்ணளி, தணிதல், தணல் என்று அதன் கிளைகள் விரிகின்றன. தணல் நெருப்பாயிற்றே என்று கேட்பீர்கள், எரிந்து தணிந்த நெருப்பே தணல் என்பது என் துணிபு. தண்ணீர் என்பதே தண்மையான நீர் என்றுதான் பொருள்படும். ஆகவே ‘சூடான தண்ணீர்’ என்று நாம் நாள்தோறும் சொல்வது முரண்தொடர். அதற்கென்று வெந்நீர் தனியாக இருக்கிறது. உங்கள் குழாய்களில் அட்டையை நோக்கிச் செல்வது தண்ணீர், அட்டையிலிருந்து திரும்புவது வெந்நீர், வெந்நீரைத் தண்ணீராக்கும் கருவியே ரேடியேட்டர் என்று பார்த்தால் பொருள் எவ்வளவு தெளிவாக விளங்குகிறது!

தண் என்பதோடு கருவிப்பொருள் விகுதியாகிய இகரத்தைச் சேர்த்தால் ‘தண்ணி’ என்று வரும். தமிழ்நாட்டில் அச்சொல்லுக்கு இன்று நேர்ந்திருக்கும் கதியை எண்ணி அதை வருத்தத்தோடு விலக்குகிறேன். அணிகலம் போலத் ‘தணிகலம்’ என்பதை முன்மொழிகிறேன்.

காமத்துப்பாலில், விலகினால் சுட்டு நெருங்கினால் குளிரும் தீயை இவள் எங்கே பெற்றாள் என்று தலைவன் வியப்பான், 1104ஆம் குறள். இக்கருவிக்கு அதைவிடப் பொருத்தமான இலக்கியச் சான்று கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருந்து இயற்பியல் ஆசிரியர், செவ்வாய்

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

குறளின் நயத்தை மறுக்கவில்லை. ஆனால் இக்கருவியில் நெருங்கினால் சுடும், விலகினால் குளிரும். தலைவியின் தீ வெப்பவியக்கவியலுக்குக் கட்டுப்படாதது, வரைகலை அட்டை கட்டுப்பட்டது.

‘கதிர்வீசி’ பிழை என்பதில் கோவை நண்பருடன் உடன்படுகிறேன். பிழை ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது. வெப்பம் செல்லும் வழிகள் மூன்று: கடத்தல், நாங்கள் மேற்காவுகை என்றும் நீங்கள் வெப்பச்சலனம் என்றும் சொல்வது, கதிர்வீசல். ரேடியேட்டரில் கதிர்வீசலின் பங்கு மிகச் சிறியது. தகடுகளூடாக விசிறி தள்ளும் காற்றே ஏறக்குறைய முழு வெப்பத்தையும் கொண்டுசெல்கிறது. மூலத்தின் பிழையை மொழிபெயர்ப்பில் ஏன் சுமக்க வேண்டும்?

‘தணிகலம்’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. கலம் என்றால் ஏதோ ஒன்றைக் கொள்வது என்றே மாணவருக்கு விளங்கும். நீர்மத் தொட்டி தனியாக உள்ள அமைப்புகளில் அவர் இதை அதனோடு குழப்பிக்கொள்வார்.

கணக்கு ஒன்றும் பார்க்கலாம். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கும் பாகைக்கும் ஏறத்தாழ 4,180 ஜூல். அட்டை 300 வாட் வெப்பத்தை வெளியிட்டு, நிமிடத்துக்கு 1 லீற்றர் நீர் ஓடினால், செல்லும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் இடையே 4 பாகையை அண்டிய வேறுபாடே இருக்கும். கையால் தொட்டு அதை உணர்வது கடினம். ஒரு குழாய் சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் ஓட்டம் மிகவும் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டு குழாய்களும் குளிர்ந்திருந்து அட்டை மட்டும் கொதித்தால், செப்புத் தட்டு அட்டையின் சில்லின் (சிப்) மேல் சரியாக அமராதது முதலிற் பார்க்க வேண்டிய காரணம். கையேட்டில் இதைச் சேர்த்தால் நன்று.

சென்னையிலிருந்து கணினி பழுதுபார்ப்பவர், செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம். இலக்கணம் எனக்குத் தூரம். ரிச்சி தெருவில் கடைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். லாரி முதல் கணினி வரை எல்லோர் வாயிலும் அது ரேடியேட்டர்தான். 2015ஆம் ஆண்டில் ரேடியான் ஆர்9 ஃபியூரி எக்ஸ் அட்டை 120 மில்லிமீட்டர் ரேடியேட்டரோடு பெட்டியிலேயே வந்தபோது, அது என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கையேட்டிலும் அதையே எழுதிவிட்டால் இன்றிரவே அச்சுக்கு அனுப்பலாம்.

தமிழில்தான் வேண்டும் என்றால் எதிரில் இருக்கும் டீக்கடையைப் பாருங்கள். மாஸ்டர் ஒரு கையை மேலே தூக்கி, டீயை நீளமாக இழுத்து ஆற்றுகிறார். டீ மெல்லிய இழையாகிறது, காற்று படுகிறது, சூடு குறைகிறது. ரேடியேட்டரும் தண்ணீரைத் தட்டைக் குழாய்களில் பிரித்துவிட்டுத் தகடுகளில் காற்றைப் படவைக்கிறது. அவர் செய்வது ஆற்றுதல் என்றால் இதுவும் ஆற்றுதல்தான்.

கையேட்டுக்கு ஒரு குறிப்பு: எங்களிடம் வருபவற்றில் பல, பம்ப் மேலேயும் ரேடியேட்டர் கீழேயும் இருக்குமாறு பொருத்தப்பட்டவை. உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்று மேலேறிப் பம்பில் தங்கிவிடுகிறது. மண்பானையில் தண்ணீர் மொள்ளுவதுபோல் களக் களக் என்று சத்தம் வரும். ரேடியேட்டரின் ஒரு முனையாவது பம்புக்கு மேலே இருக்கும்படி மாற்றினாலே பல நேரங்களில் சூடு இறங்கிவிடும்.

தஞ்சாவூரிலிருந்து, புதன்

ஐயா, ‘ரேடியேட்டர்’ என்று எழுதத்தான் இத்தனை பேர் கூடினோமா? தொல்காப்பியம் வடசொல்லையே அதன் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்திய பின்னர்தான் உள்ளே விட்டது. பம்ப் என்பதற்கும் என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். எக்கி என்ற சொல் இருக்கிறது. ஆற்றுதலை அடியாகக் கொண்டு ‘வெப்பாற்றி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

மதுரை, புதன் மாலை

ஆற்றுதலை நான் மறந்தது எனக்கே வியப்பாக இருக்கிறது. டீக்கடைக்காரருக்கு என் வணக்கம். ஆனால் ‘வெப்பாற்றி’ புணர்ச்சியில் நிற்காது. வெப்பம் என்பதன் மகரம் கெட்டு உடம்படுமெய் தோன்றினால், வட்டவாழி என்பதுபோல் ‘வெப்பவாற்றி’ என்றே வரும். ‘வெப்பாற்றி’ வேண்டுமானால் வெப்பு + ஆற்றி என்று பிரிக்க வேண்டும். வெப்பு என்பதோ காய்ச்சல் நோய். பாண்டியனின் வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் திருநீற்றால் ஆற்றினார், விசிறியால் அன்று. மேலும் வெப்ப ஆற்றல் என்று பக்கந்தோறும் வரும் பாடத்தில், ஆற்றியையும் ஆற்றலையும் மாணவர் எப்படிப் பிரித்தறிவார்?

‘சூடாற்றி’ என்றால் ஓரளவு ஏற்பேன். அங்கும் ஓர் ஐயம்: வேற்றுமைப் புணர்ச்சியில் டகர ஒற்று இரட்டிக்க வேண்டும் என்று நன்னூல் சொல்வதால், சூட்டுக்கோல் போலச் ‘சூட்டாற்றி’ என்று வருவதே முறையாகுமோ?

யாழ்ப்பாணம், புதன் இரவு

ஐயா, இரட்டுவது மிகுதியும் என்றுதானே நூற்பா கூறுகிறது. எப்போதும் என்று கூறவில்லையே. காடுவெட்டி என்ற ஊர் காட்டுவெட்டி ஆகாமல் நிற்கிறது. ‘சூடாற்றி’ போதும். சொற்பொருளின் காரணம் பார்த்தவுடன் தோன்றாது என்று தொல்காப்பியத்தின் உரியியலே சொல்லிவிட்ட பிறகு, நாம் ஒரு தகட்டுக்காக இவ்வளவு வருந்த வேண்டியதில்லை.

என் எஞ்சிய குறை ஒன்றே: அறிவியலில் சூடு என்ற சொல்லைத் தவிர்த்து, வெப்பம் வேறு வெப்பநிலை வேறு என்று பிள்ளைகளுக்குப் பழக்கி வருகிறோம். சூடாற்றி அந்தப் பழக்கத்தைச் சற்றே குலைக்கும்.

கோவை, வியாழன் நள்ளிரவு

அவையோர்க்கு நன்றி. ‘சூடாற்றி’ என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் “கடைகளில் ரேடியேட்டர் எனப்படும் சூடாற்றி” என்று குறித்திருக்கிறேன். மூவர் ஆதரவு, ஒருவர் அரைமனம், தஞ்சை நண்பரின் மௌனம் என்று எண்ணிக்கொண்டேன். எக்கியை ஏற்க இயலவில்லை. பம்ப் என்று விவசாயி சொல்வதை மாணவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை.

நேற்று இதே வாக்கியங்களை என் சொந்தக் கணினியில் சோதித்தேன். சில்லின் சராசரி வெப்பநிலை 71 பாகை, அதன் மிகச் சூடான புள்ளி 104, இடைவெளி 33. சூடாற்றி வெதுவெதுப்பாக இருந்தது, குழாய்கள் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன, விசிறிகள் சுழன்றன. அப்படியானால் தட்டுக்கும் சில்லுக்கும் இடையில்தான் குறை என்று துணிந்து, நான்கு திருகுகளையும் கழற்றினேன். பசை நடுவிலிருந்து விலகி, விளிம்பில் சாம்பல் நிற வரம்பாக ஒதுங்கியிருந்தது. நடுவே செம்பு பளபளத்தது. துடைத்துப் புதுப் பசையிட்டு, திருகுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கிய பின் அந்த இடைவெளி 13 பாகையாகக் குறைந்தது.

வகுப்பிலும் இன்று மறுபடி கொடுத்துப் பார்த்தேன். விசிறி நின்றிருந்த கணினியில் அதே மாணவர், “ஆற்றுவதற்குக் காற்று இல்லையே” என்று விசிறியின் இணைப்புக் கம்பியைத்தான் முதலில் தேடினார். கோப்பைக் காலையில் அனுப்பிவிடுகிறேன்.

தஞ்சாவூர், வெள்ளி காலை

மௌனத்தை ஆதரவோடு சேர்த்து எண்ண வேண்டாம். ‘வெப்பவாற்றி’ இலக்கணப்படி சரி என்று மதுரை ஐயாவே காட்டியிருக்கிறார். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன். எக்கியையும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

மதுரை, வெள்ளி நண்பகல்

அச்சுக்குப் போய்விட்டதா? ‘தணல்’ பற்றி நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை என்பதால் கேட்கிறேன்: தணப்பு, தணத்தல் என்னும் பிரிவுப் பொருட் சொற்களும் இதே அடியைச் சேர்ந்தவையாக இருக்கலாமோ?