பழைய மேனுவல் லென்ஸில் எடுத்ததில் இன்னும் மனதை விட்டுப் போகாதது எது?

சாளரம்:
ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் லென்ஸ் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப்/2-க்கு முழுசாகத் திறந்துவிட்டு, திரையில் பெரிதாக்கிப் பார்த்தபடி ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினேன். அந்த வளையம் நீளமாகச் சுற்றும், அவசரத்துக்கு ஆகாது. முதலில் மூக்கு நுனி தெளிந்தது. அப்புறம் புருவம், அப்புறம் இமை மயிர். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன், கருவிழிக்குள் ஜன்னல் தெளிந்து வந்தது, கம்பிகளோடு. ஜன்னலின் ஓரத்தில் கேமராவைப் பிடித்தபடி ஓர் உருவம். நான்தான்.

கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் லென்ஸிலும் அப்பாவை நிறைய எடுத்திருக்கிறேன். எல்லாப் படமும் கூர்மைதான். ஆனால் மூக்கிலிருந்து கண் வரைக்கும் அவர் முகத்தின் மேல் இப்படி மெல்ல நகர்ந்துபோனதில்லை. படமும் கிடைத்தது. ஆனாலும் எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கடைசித் திருப்பல்தான். உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். சொல்லுங்கள்.

மஞ்சள்வெயில்:
என்னுடையது பென்டாக்ஸின் பழைய டாக்குமார் 50 மிமீ எஃப்/1.4. தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கண்ணாடி உள்ள ரகம். வாங்கும்போதே பின்பக்கக் கண்ணாடி நல்ல மஞ்சளாக இருந்தது. கேமரா நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு வைத்தே எடுப்பேன், அந்த மஞ்சள் அப்படியே படத்தில் இறங்கும். என் மகள் நடக்கப் பழகிய காலம் முழுக்க அந்த நிறத்தில்தான் இருக்கிறது. வெள்ளைச் சுவர்கூடச் சாயங்காலம் மாதிரி தெரியும்.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். கொஞ்ச நாளில் மஞ்சள் போய்விட்டது. லென்ஸ் இப்போது பளிச்சென்று இருக்கிறது, வெளிச்சமும் முன்னைவிடக் கூடுதலாக வருகிறது. ஆனால் அதே சுவரில் சாய்ந்து நின்றவளை மறுபடியும் எடுத்தேன். சுவர் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஏதோ செய்தது. கணினியில் மஞ்சளைக் கூட்டிப் பார்த்தேன், அது வேறு மஞ்சள்.

கண்ணாடிப்பெட்டி:
@மஞ்சள்வெயில், தோரியம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் படிக்கிறார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த 50 மிமீ லென்ஸின் முதல் வடிவத்தில், அதாவது 8 கண்ணாடிகள் கொண்டதில், தோரியம் கிடையாது. பின்னால் வந்த 7 கண்ணாடி வடிவத்தில்தான் உண்டு. தோரியத்தின் கதிர்வீச்சு கண்ணாடிக்குள் உண்டாக்கும் நிறமையங்களால்தான், அதாவது ஒளியை உறிஞ்சும் நுண்ணிய குறைபாடுகளால்தான், மஞ்சள் ஏறுகிறது. புற ஊதா ஒளி அவற்றைக் கலைக்கிறது, ஆனால் தோரியம் எங்கேயும் போவதில்லை. அதன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். ஆகவே இருட்டில் வருஷக்கணக்கில் கிடந்தால் மஞ்சள் திரும்பவும் ஏறும். உங்கள் சுவர் நிறம் திரும்பி வர வழி இருக்கிறது, பொறுமைதான் வேண்டும்.

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அசட்டையும் கூடாது. கேமராவில் மாட்டிப் படமெடுப்பதால் ஒன்றும் ஆகாது. அந்தக் கண்ணாடியைத் தேய்ப்பது, உடைப்பது, அதன் தூசியை முகர்வது மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணில் வைத்துப் பார்க்கும் ஐபீஸாக ஒருநாளும் மாற்றாதீர்கள். படுக்கைத் தலைமாட்டில் வைக்கவும் அவசியமில்லை. வெயிலில் காயவைக்கிறவர்களுக்கு: லென்ஸ் சூரியனைக் குவிக்கும், துணி, மரம் எதுவானாலும் பொசுக்கிவிடும். சூட்டில் கிரீஸ் இளகி எண்ணெய் அப்பர்ச்சர் இதழ்களுக்குப் பரவும், இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். எல்இடி புற ஊதா விளக்கே மேல். அதையும் கண்ணால் நேராகப் பார்க்க வேண்டாம்.

பழைய லென்ஸ் எதை வாங்கினாலும் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. முழுக்கப் பால் மூடினது மாதிரி இருந்தால் மங்கல், பல சமயம் துடைத்தால் போகும். ஓரத்தில் வானவில் நிறம் ஓடினால் ஒட்டுப்பசை விட்டிருக்கிறது, அதைத் தொடாதீர்கள். உள்ளே நாலு தூசி இருப்பதை வைத்து நல்ல லென்ஸை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள், படத்தில் தெரியவே தெரியாது. வீட்டில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிற பெட்டியில், சிலிகா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறையில் வைத்தால் பூஞ்சைக்கு நாமே இடம் கொடுத்தது போல ஆகும்.

என் அனுபவம் சின்னது. ஒரு லென்ஸுக்குள் டார்ச் அடித்தபோது முதன்முதலாகப் பூஞ்சையைப் பார்த்தேன். அவ்வளவு நுணுக்கமான கிளைகள், ஒரு நிமிஷம் அதன் அழகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள்வெயில்:
நன்றி. ஆனால் நான் லென்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. மஞ்சள் திரும்பி வரும்போது அவள் வளர்ந்திருப்பாளே, அதைச் சொன்னேன்.

நடைவழி:
சாளரம் சொன்னது அழகுதான், ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் மேனுவல் ஃபோகஸ் என்று நினைத்துவிடுவார்கள். உட்கார்ந்திருக்கிற அப்பாவுக்கு அது சரி. தெருவில் பெரிதாக்கிப் பார்த்து முடிப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

பழைய லென்ஸின் மேல் தூர அளவுகோல் இருக்கிறதே, அதை ஏன் யாரும் பார்ப்பதில்லை? எந்த அப்பர்ச்சரில் எதுவரை தெளிவாக இருக்கும் என்று காட்டும் கோடுகளும் அதன் பக்கத்திலேயே இருக்கும். 28 மிமீ லென்ஸில் எஃப்/8 வைத்து, முடிவிலிக் குறியை (∞) அந்த எஃப்/8 கோட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள். ஃபுல் ஃப்ரேமில் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சாரில்) சுமார் 1.6 மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாம் தெளிவுக்குள் வந்துவிடும். இன்றைய சென்சாரில் உற்றுப் பார்த்தால் இரு முனைகளும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். அதனால் நான் முடிவிலியை எஃப்/5.6 கோட்டில் நிறுத்திவிட்டு எஃப்/8-இல் எடுப்பேன்.

அன்றைக்கும் அப்படித்தான் கேமரா நெஞ்சுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. மழை சட்டென்று பிடித்தது. எதிரே ஓர் அம்மா குடையை விரித்தார், காற்று அதைப் பின்பக்கமாகப் புரட்டிவிட்டது. இடுப்பிலிருந்த பிள்ளை அந்தக் குடையைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தது. அம்மாவுக்கு எரிச்சல், பிள்ளைக்குச் சந்தோஷம், இரண்டும் ஒரே படத்தில். நான் வ்யூஃபைண்டரைப் பார்க்கவே இல்லை. அவர்களைத்தான் பார்த்தேன். கேமரா நமக்கும் அவர்களுக்கும் நடுவில் வராமல் ஒரு படம் எடுக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

சாளரம்:
தெருவுக்கு நீங்கள் சொல்வது சரி. எஃப்/8-இல் எல்லாமே தெளிவு, சரி, அப்புறம் எதைத் தேர்ந்தெடுத்தோம்? எனக்கு அந்தத் தேர்வு வேண்டும்.

நடைவழி:
தேர்ந்தெடுத்தது அந்த நொடியை.

திருகாணி:
இந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. எனக்கு எடுத்த படத்தைவிடக் கழற்றிய லென்ஸ்தான் நினைவில் இருக்கிறது.

ஜூபிடர்-9, 85 மிமீ எஃப்/2. அதன் தொடர் எண் 78 என்று தொடங்கும். சோவியத் லென்ஸ்களில் பெரும்பாலும் முதல் இரண்டு இலக்கம் தயாரான ஆண்டு. கிரீஸ் காய்ந்து, வளையத்தைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. இதைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், ஃபோகஸுக்காக லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் ஹெலிகாய்டு மரையில் பல தொடக்கங்கள் உண்டு. இரண்டு பகுதியும் விலகுகிற இடத்தைக் குறித்துக்கொள்ளாவிட்டால், திரும்ப எந்த மரையில் நுழைப்பது என்று தெரியாது. ஒரு மரை மாறினாலும் தூரத்துக் காட்சி தெளியாது, அல்லது அளவுகோலுக்கும் நிஜத்துக்கும் சம்பந்தம் இருக்காது.

நான் மெதுவாகத் திருகிக்கொண்டே வந்தேன், ஊசி தயாராகக் கையில். இரண்டும் விலகின. குறி போட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது. உள்பக்கமும் வெளிப்பக்கமும் நேருக்கு நேராக, ஊசியால் போட்டது. அதே இடம். எனக்கு முன்னால் எங்கோ ஒரு மேஜையில், யாரோ ஒருவர் இதைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் செய்யவிருந்ததையே செய்திருக்கிறார். இதைத் திறக்கிறவர் மட்டுமே பார்க்கக்கூடிய கையெழுத்து அது.

பழைய கிரீஸைச் சுத்தமாக எடுத்து, புதிதாக மெல்லப் பூசி, அவர் குறியிலேயே நுழைத்தேன். பொருந்தியது. அந்த 15 இதழ் அப்பர்ச்சரில் நல்ல படங்கள் வந்தன. ஆனால் யார் அவர் என்ற கேள்விதான் போகவில்லை. என் கீறலையும் பக்கத்தில் போட்டிருக்கலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

கண்ணாடிப்பெட்டி:
@திருகாணி, மற்றவர்களுக்காக ஒன்று: ஜப்பானிய லென்ஸ் கழற்றுகிறவர்கள் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) திருப்புளி வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமான பிலிப்ஸ் திருப்புளி அந்தச் சின்னத் திருகுகளின் தலையைத் தின்றுவிடும்.

பனித்துளி:
முதல் பதிவில் ஹீலியோஸ் வந்ததால் கேட்கிறேன், அதில் மங்கலான பின்புலம் ஆளைச் சுற்றிச் சுழல்வது போலத் தெரியுமே, அந்தச் சுழலை ஏன் எல்லோரும் கொண்டாடுகிறார்கள்? ஓரத்துக்குப் போகப் போக லென்ஸின் குழாயே ஒளியை மறைப்பதால் பின்புல ஒளிப்புள்ளிகளின் வட்டங்கள் பூனைக்கண் வடிவமாகின்றன. ஓரத்து ஒளிப்பிழைகளையும் முழுசாகத் திருத்தவில்லை. இரண்டும் சேர்ந்தால் சுழல். எஃப்/4-க்கு மூடினால் பெருமளவு காணாமல் போகும். இலைகளுக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுக்கிற படம் எல்லாமே ஒரே படம் மாதிரி ஆகிவிட்டது. இது என் கருத்து.

ஆனால் எனக்கும் ஒரு பிழைதான் மறக்க முடியாததாக இருக்கிறது. மேயர் ஆப்டிக் ட்ரையோப்ளான் 100 மிமீ எஃப்/2.8. வெறும் மூன்று கண்ணாடி. ஒரு புல்லின் நுனியில் வண்டு, பின்னால் புல்வெளி முழுக்கப் பனி, சூரியன் எதிரே. வண்டுக்கு ஃபோகஸ் வைத்ததும் பின்னாலிருந்த ஒவ்வொரு துளியும் விளிம்பு மட்டும் மின்னுகிற வட்டமாக விரிந்தது. கோளப்பிழையை (லென்ஸின் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவியாத பிழையை) அளவுக்கு மீறித் திருத்தினால் பின்னால் இருக்கும் ஒளிப்புள்ளிக்கு அந்த விளிம்பு வரும். காரணம் முன்பே தெரியும். தெரிந்திருந்தும் எனக்குக் கை நடுங்கியது. வண்டு எப்போது பறந்தது என்றே தெரியவில்லை, நான் வட்டங்களுக்காக வளையத்தை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சாளரம்:
அப்போ பிழையைக் கொண்டாடுவதில் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

பனித்துளி:
இருக்கிறது. உங்கள் படத்தில் அப்பாவின் கண்ணைப் பற்றித்தானே எழுதினீர்கள், சுழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் அது எனக்குப் பிடித்தது.

இடம்புரி:
தாமதமாக வருகிறேன். நிக்கானின் நிக்கார் 105 மிமீ எஃப்/2.5, மேடை நடனம், இருட்டு அரங்கு. நான் கேனானின் பழைய எஃப்டி வகை லென்ஸ்களில் பழகியவன். நிக்கான் வளையம் அதற்கு நேர் எதிராகச் சுற்றும், அதனால் எதை மாட்டினாலும் முதல் கொஞ்ச நேரம் விரலிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அன்று ஆடியவர் மேடையின் ஆழத்திலிருந்து நேராக என்னை நோக்கி வந்தார். எனக்கு யோசிக்க நேரமில்லை. விரல் தானாகத் திரும்பியது, சரியான பக்கம், அவர் வந்த வேகத்திலேயே. முகம் கிட்ட வரவர ஃபோகஸ் விலகவே இல்லை. அவர் காலை ஊன்றி நின்ற கணத்தில் என் விரலும் நின்றது. ஏதோ நானும் சேர்ந்து ஆடினது மாதிரி இருந்தது. அந்த மாலைக்குப் பிறகு அதே லென்ஸில் எவ்வளவோ எடுத்தாகிவிட்டது, அது திரும்ப நடக்கவில்லை. இப்போது எஃப்டி எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒரே திசையில் மட்டும் பழகலாமா என்று யோசிக்கிறேன். இரண்டு திசையிலும் சரளமாகத் திருப்புகிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

நடைவழி:
நான் இருக்கிறேன். விற்காதீர்கள். பைக்குள் கலக்காமல் ஒரு நாளைக்கு ஒரு வகை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், கை பழகிவிடும்.