புதுப்பிப்பு: அக்காவின் ‘லண்டன் டாக்டர்’

போன வாரம் எழுதியிருந்தேனே, மஞ்சக்குப்பத்தில் இருக்கும் பெரியம்மா மகள், பேஸ்புக்கில் பழகிய லண்டன் டாக்டர் அனுப்பியதாகச் சொன்ன பார்சலுக்குச் சுங்கக் கட்டணம் என்று 45,000 ரூபாய் கட்டிவிட்டாள் என்று, அதன் தொடர்ச்சி இது. சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். பணம் போனது ஒரு தனிநபர் கணக்குக்கு. சுங்கத்துறை அப்படி வாங்கவே வாங்காது, அதை அன்றைக்கே கவனித்திருக்கலாம். கொஞ்சம் பணத்தை முடக்கிவிட்டார்கள், மீதியை அவன் ஏற்கெனவே எடுத்தாயிற்று. புரொபைல் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் அதே முகம் வேறு மூன்று பெயர்களில் வருகிறது. வீடியோ காலுக்கு மட்டும் மூன்று மாதமாக நெட் சரியில்லையாம், லண்டனில்! அக்கா இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று அவனே மறுபடி மெசேஜ் அனுப்பினான், இன்னும் 20,000 கட்டினால் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று. சரி, இந்த முறை போனை என்னிடம் நீட்டினாள்.