பியாட்ரிக்ஸ் ஃபராண்டை எவ்வாறு நினைவுகூர்வது தகும்?

கேள்வி:
தோட்டங்களையும் வளாகங்களையும் வடிவமைத்த அமெரிக்க நிலத்தோற்றக் கலைஞர் பியாட்ரிக்ஸ் ஃபராண்டுக்கு (1872–1959) எங்கள் படிப்பு வட்டம் ஒரு நினைவுக் கூட்டம் நடத்தவிருக்கிறது. 1899இல் அமெரிக்க நிலத்தோற்றக் கலைஞர் சங்கத்தை நிறுவிய 11 பேரில் அவர் ஒருவரே பெண் என்பதிலிருந்து உரையைத் தொடங்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். அந்தப் பெருமையோடு நின்றுவிட்டால் அவருடைய வேலையும் கொடையும் பின்னுக்குப் போய்விடும் என்பது என் தயக்கம். எதை முன்னிறுத்தலாம்?

மறுமொழி 1:
ரீஃப் பாயின்டை முன்னிறுத்துங்கள். மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில், கடலோரமாக இருந்த குடும்ப வீட்டையும் தோட்டத்தையும் தோட்டக்கலை பயில்வோருக்கான நிலையமாக விட்டுச்செல்ல வேண்டும் என்று அவரும் கணவர் மாக்ஸ் ஃபராண்டும் நெடுங்காலம் உழைத்தார்கள். நூல்கள், வரைபடங்கள், உலர்த்திப் பதப்படுத்திய செடி மாதிரிகள் எல்லாம் அங்கே சேர்ந்தன. இங்கிலாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜீகில் வரைந்த தோட்டத் திட்டப் படங்கள் சிதறாமல் தப்பியதும் ஃபராண்ட் அவற்றை விலைக்கு வாங்கியதால்தான். 1945இல் கணவர் காலமானார், 1947இல் பெருந்தீ அவ்வூரில் பேரழிவை உண்டாக்கியது, கேட்ட வரிவிலக்கும் கிடைக்கவில்லை. தமக்குப் பின் தோட்டத்தைச் சரிவரப் பராமரிக்க ஆளும் வழியும் இராது என்று கண்ட அவர், 1955இல் வீட்டை இடித்துவிடவே முடிவு செய்தார். நூலகமும் ஆவணங்களும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போயின. செடிகளில் பலவற்றை சார்லஸ் சாவேஜ் என்பவர், செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரின் பண உதவியோடு பெயர்த்தெடுத்து, பார் ஹார்பர் அமைந்த அதே தீவிலுள்ள ஆஸ்டிகூ அசேலியா தோட்டத்தில் நட்டார். தம் பெயரைத் தாங்கி நின்றிருக்கக்கூடிய இடத்தைக் கலைத்து, அதிலிருந்தவை பயன்படும் இடங்களுக்குச் சென்று சேர வழிசெய்தாரே, கொடையென்றால் எனக்கு அதுவே முதலில் நினைவுக்கு வரும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கொடையை மட்டும் பேசினால் செல்வக் குடும்பத்துச் சீமாட்டி ஒருவரின் தாராள மனம் என்ற சித்திரமே மிஞ்சும். அவரோ கட்டணம் வாங்கிக்கொண்டு, அலுவலகம் வைத்துத் தொழில் நடத்தியவர். இத்துறைக்கெனப் பட்டப்படிப்பு இல்லாத அந்தக் காலத்தில் ஆர்னால்டு மரத்தோட்டத்தின் இயக்குநர் சார்லஸ் ஸ்ப்ரேக் சார்ஜென்டிடம் நேரடியாகப் பாடம் கேட்டார். 1912 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வளாகத்தைப் பல ஆண்டுகள் கவனித்தார். அவருடைய தலைசிறந்த படைப்பு வாஷிங்டனிலுள்ள டம்பார்ட்டன் ஓக்ஸ்: வீட்டருகே ஒழுங்கான படித்தளங்களாகத் தொடங்கி, சரிவில் இறங்க இறங்கக் கட்டுத் தளர்ந்து, ஓடைக்கரையில் காடுபோல ஆகிவிடும் தோட்டம் அது. அந்தத் தோட்டத்துக்காக அவர் எழுதிவைத்த செடிக் குறிப்பேடு 1980இல்தான் அச்சில் வந்தது. ஒரு மரம் பட்டுப்போனால் அவ்விடத்தில் எதை நடலாம், எது பொருந்தாது என்று, தாம் காணப்போகாத தோட்டக்காரர்களுக்கு அவர் அதில் சொல்லிவைத்திருக்கிறார். அதிலிருந்து சில பகுதிகளைக் கூட்டத்தில் வாசியுங்கள்.

கேட்டவர்:
இரண்டும் உதவின. அவர் பெயரில் ஏற்கெனவே என்னென்ன நினைவுச் சிறப்புகள் உள்ளன?

மறுமொழி 3:
பிரின்ஸ்டன் வளாகத்தில் அமர்வதற்கான ஒரு நினைவு இருக்கை உண்டு. பெர்க்லியில் அவர் பெயரில் வருகைப் பேராசிரியர் பதவி உண்டு. அவர் கடைசியாக வாழ்ந்த கார்லண்ட் பண்ணையை அவர் பெயர் தாங்கிய சங்கம் ஒன்று பேணிவருகிறது. ஆனால் இவை எல்லாவற்றையும்விட நியூயார்க் தாவரவியல் தோட்டத்தின் ரோஜாத் தோட்டத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். அவர் 1916இல் வரைந்த திட்டம் முழுமையடையாமலே கிடந்து, 1988இல்தான் நிறைவேறியது. அந்தத் திட்டப் படத்தையும் இன்றைய தோட்டத்தின் படத்தையும் அரங்கில் அருகருகே வைக்கலாம். மாலையிட்ட உருவப்படம் தேவைப்படாது.

கேட்டவர்:
அப்படியே செய்கிறோம். டம்பார்ட்டன் ஓக்ஸ் குறிப்பேட்டை வாசித்துத் தொடங்கி, ரீஃப் பாயின்டுக்குப் பாதி நேரம் ஒதுக்குகிறேன். 1899 பற்றிய செய்தி அழைப்பிதழில் ஒரு வரியாக இருக்கட்டும்.