சாம்பல் திட்டு

உட்ஸ்டாக்கிலிருந்து:

கேப்டவுனுக்கு வேலைக்கு வந்து உட்ஸ்டாக் பகுதியில் அறை எடுத்த புதிது, 2013 கடைசி. ரயிலடியிலிருந்து அறைக்கு நடக்கும் வழியில் ஒரு மின்பெட்டி. ஒருநாள் காலை அதில் கறுப்பாய் ஓர் உருவம், தோளில் போர்வையும் உயர்த்திய கையுமாக. கீழே ஆங்கிலத்தில் 'மாரிகானாவை மறக்காதே'. அட்டையை வெட்டி வைத்து ஸ்ப்ரே அடித்தது, ஓரமெல்லாம் வழிந்திருந்தது. எனக்கு விளங்கவில்லை. கூட வேலை பார்த்தவரிடம் கேட்டேன். மாரிகானா என்ற ஊரில் கூலி உயர்வு கேட்ட சுரங்கத் தொழிலாளர்கள் 34 பேரை 2012 ஆகஸ்ட் 16 அன்று போலீஸ் சுட்டுக் கொன்றதைச் சொன்னார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அதன்மேல் சாம்பல் பெயின்ட் பூசிவிட்டார்கள். பெட்டியின் நிறத்தோடு ஒட்டவே இல்லை. அந்தத் திட்டைப் பார்க்கும்போதெல்லாம் போர்வைக்காரர்தான் தெரிந்தார்.

இப்போது அதே தெருவில் மாடி உயரத்துக்கு யானை, பூ, சிறுத்தை. அழகுதான், மறுக்கவில்லை. வழிகாட்டியோடு வந்து படம் எடுக்கிறார்கள். 2010 விதிப்படி சுவரில் வரைய மாநகராட்சி அனுமதி வேண்டும். அனுமதி வாங்கி வரைகிறவர் சுட்டவர்களைப் பற்றி எங்கே வரைவார்? இதற்கிடையே வாடகை ஏறி, எதிர்வீட்டு அம்மா காலி செய்துகொண்டு போனார். அதைப் பற்றி எந்தச் சுவரிலும் ஒரு வரி இல்லை.

2014 நவம்பரில் ஸீ பாயிண்ட் கடற்கரையில், மண்டேலா சிறையிருந்த ராபன் தீவைப் பார்த்தபடி ராட்சத மூக்குக்கண்ணாடி வைத்தார்கள், அவர் நினைவாக என்று. மாரிகானா அச்சு அடித்த டோக்கோலோஸ் என்ற குழுதான் எதிர்ப்பாக அதிலும் ஸ்ப்ரே அடித்தது. அதற்குப் பிறகு அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை.

டர்பனிலிருந்து:

தம்பி, பாதிதான் ஒப்புக்கொள்வேன். இங்கே வார்விக் சந்தைப் பகுதியில் மேம்பாலத் தூண்களில் ஃபெய்த்47 என்ற ஓவியர் வரைந்திருப்பதைப் பாருங்கள். 2014 கட்டடக் கலைஞர் மாநாட்டையொட்டி வரைந்தவை, திருட்டுத்தனமாக அல்ல. எல்லாம் அங்கே பிழைக்கிறவர்களின் முகங்கள். கீழே சோளம் அவிகிற புகை மேலே ஏறி அந்த முகங்களில் படியும். என் பாட்டி பக்கத்துக் காலைச் சந்தையில் கொத்தமல்லிக் கட்டு விற்றவர். அந்தத் தூண்களைக் கடக்கும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உட்ஸ்டாக்கிலிருந்து:

கட்டாயம் வந்து பார்க்கிறேன் அக்கா. ஒன்று மட்டும் சொல்லுங்கள். 2009-ல் அந்தச் சந்தையை எடுத்துவிட்டு மால் கட்டப் பார்த்தார்களே, அப்போது அதே தூணில் வரைய அனுமதி கேட்டிருந்தால்?

டர்பனிலிருந்து:

கொடுத்திருக்க மாட்டார்கள் தம்பி. அன்று எங்களிடம் இருந்தது கையால் எழுதிய போராட்ட அட்டைதான்.